மழைக்கும் அவரே ஜவாப்தாரி

மழை பெய்ததற்கு மன்னிப்பு கேட்ட மனுஷன் தமிழ்நாட்டிலேயே ஒருத்தர்தான். அவர் திண்டிவனத்துக்காரர்.

பேர் என்னவோ இருந்தது. ரேஷன் கார்டில் இருக்கும். ஊரில் ஜவாப்தாரி என்றால்தான் தெரியும். எங்கள் பக்கம் ஜவாப்தாரி என்றால் பொறுப்பேற்கிற ஆள், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள். எது நடந்தாலும் “அதுக்கு நான் ஜவாப்தாரி” என்பார். அப்படி வந்த பேர்.

முன்னால் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். சில்லறை இல்லையா, சீட் கிழிந்திருக்கிறதா, பஸ் லேட்டா, எதற்கும் நான் ஜவாப்தாரி இல்லை என்று சொல்வதுதான் அங்கே வேலை. சொல்லிச் சொல்லி வாய் வலித்து வேலையை விட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கவர் விற்கிற கடையில் பாதியை எடுத்து டூர் ஆபீஸ் போட்டார். ரெண்டு ஸ்டூல், ஒரு போர்டு. ‘உங்கள் குடும்பத்துக்கு மட்டும் டூர்.’ நான் அவருக்கு வேன் ஓட்டினேன்.

ஒரு குடும்பத்துக்குப் போட்ட டூரை இன்னொரு குடும்பத்துக்குப் போட மாட்டார். கோட்டை, கோயில் உள்ள பழைய ஊர் ஒன்று வரும். அடுத்து வயலும் தோப்பும் உள்ள கிராமம் ஒன்று வரும். மாற்றி மாற்றி வரும். “கல்லையே பாத்துக்கினு இருந்தா கண்ணு காஞ்சிடும் தம்பி” என்பார்.

செஞ்சிக் கோட்டையில்தான் அந்த மழை. வளவனூர்க் குடும்பம் ஒன்று பாதி மலையில் மாட்டிக்கொண்டது. கீழே வந்ததும் ஒவ்வொருத்தர் முன்னாலும் போய்க் கையைக் கட்டி நின்றார்.

“மழைக்கு நான் ஜவாப்தாரிங்க.”

“நீங்க இன்னா பண்ணுவீங்க. வானம் பேஞ்சிது.”

“பேயும்னு சொல்லிக் கூட்டாந்து இருக்கணும். சொல்லல.”

அதே கோட்டையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது. ஜவாப்தாரி தன் கண்ணாடியைக் கழற்றிப் பெரியவருக்கு மாட்டிவிட்டார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கோட்ட ரெண்டா தெரியுதே.”

“ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு கோட்ட. பாருங்க” என்றார். கண்ணாடி இல்லாமல் இவருக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

டூர் கேட்டு வருகிறவர்களிடம் நாலு ஊர் பேர் சொல்லி அனுப்புகிற ஆள் இல்லை அவர். வீட்டுக்கே போய் உட்காருவார். யார் குறட்டை விடுவார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யாருக்குப் பசி வந்தால் கோபம் வரும், எல்லாம் கேட்பார். கேட்டதை வைத்து ஒத்திகை போவார். அதாவது டூருக்கு முன்னால் அதே டூரை நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் ஒரு தடவை போய் வருவோம்.

வெறுமனே போனால் பரவாயில்லை. யார் யார் வருகிறார்களோ அவர்களாகவே வருவார். ஐயாவுக்குச் சர்க்கரை என்றால் அவர் குடிக்கிற அளவு தண்ணீரை இவரும் குடிப்பார். எங்கே அடக்க முடியவில்லையோ அங்கே வண்டியை நிறுத்தச் சொல்வார். அந்த இடத்தில் சுத்தமான கக்கூஸ் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் ரூட்டே மாறிவிடும். குறட்டை ஆளுக்கு ஒத்திகை நான். லாட்ஜில் என்னைத் தூங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து ரூம் சுவரில் காதை வைத்துக் கேட்பார்.

வளவனூர் அம்மாவுக்கு முட்டி மடங்காது. அதற்கு ஒத்திகையாக இவர் முட்டியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு செஞ்சிப் படி ஏறினார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற கிழவி பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“இன்னா வேண்டுதலுப்பா? எந்த சாமிக்கு?”

“சாமிக்கு இல்ல. வளவனூர் அம்மாவுக்கு.”

கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு கை மல்லாட்டை கொடுத்து, தன் முட்டிக்கும் சேர்த்து வேண்டிக்கச் சொன்னாள். இவர் அதற்கும் சரி என்றார்.

குப்பை விஷயம் இன்னொன்று. டூரில் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் கிடையாது. எல்லாம் எவர்சில்வர். வேன் போனால் கல்யாணச் சமையல்காரன் போகிற மாதிரி சத்தம் வரும். ஒரு தடவை வல்லம் தாண்டி யாரோ ஜன்னல் வழியாக பிஸ்கட் கவரைப் போட்டுவிட்டார்கள். நிறுத்து என்றார். இறங்கி வந்த வழியே நடந்தார். வெகு நேரம் கழித்து ஒரு மூட்டையோடு வந்தார்.

“நம்மளுது ஒண்ணுதான அண்ணே” என்றேன்.

“எதுன்னு தெரியல. எல்லாத்தியும் பொறுக்கிக்கினு வந்துட்டேன்.”

போட்ட ஆளைத் திட்டவில்லை. “கவரு அவருது. டூரு என்னுது” என்றார். அந்த மூட்டை எங்களோடு மூன்று ஊர் சுற்றிப் பார்த்தது.

மரக்காணம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக் குடும்பம் டூர் கேட்டது. அந்த வீட்டு மாமாவுக்கு ஒரே கண்டிஷன்.

“எங்க வோணா கூட்டிக்கினு போங்க. கடல மட்டும் காட்டாதீங்க. தெனம் அதும் மூஞ்சிலதான் முழிக்கிறோம்.”

புறப்படும்போதே ஜவாப்தாரி வேனைக் கடலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தச் சொன்னார். காஞ்சிபுரம், வேலூர்க் கோட்டை, ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. கடல் வாசனையே இல்லாத ரூட். காஞ்சிபுரத்தில் லாட்ஜுக்குள் நுழைகிறோம், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கடல் படம். அலை, படகு, சூரியன் எல்லாம். ஒத்திகையின்போது அது இல்லை. புதுசாக மாட்டியிருக்கிறார்கள். இவர் ஓடிப்போய் இடுப்பு வேட்டியை அவிழ்த்து ரெண்டு கையாலும் விரித்துப் படத்தை மறைத்து நின்றார். அரை டிராயரோடு.

“இன்னா பண்றீரு?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்ல. நீங்க மாடிக்குப் போங்க.”

மறுநாள் மத்தியானம் மாந்தோப்பில் சாப்பாடு. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

“கொறையா சொல்லல. ஒரு துண்டு கருவாடு வாடை இல்லாம சோறு எறங்கல.”

ஜவாப்தாரி எழுந்தார். வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் ஏழெட்டுத் துணி சுற்றி ஒரு டப்பா. உள்ளே கருவாடு. “கேப்பீங்கன்னு தெரியும்” என்றார். மாமா அன்றைக்கு மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார்.

டூர் முடிந்து வீட்டு வாசலில் வேன் நின்றதும் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். ஆளுக்கு ஒரு குறை சொன்னால்தான் இறங்க விடுவார்.

“எல்லாம் நல்லாத்தான்ங்க இருந்துது.”

“அப்டி இருக்காது. யோசிங்க.”

இந்தக் காலத்தில் எல்லாரும் போனில் ஸ்டார் போடுகிறார்கள். ஒரு குடும்பம் அஞ்சு ஸ்டார் போட்டது. இவருக்குச் சோறு இறங்கவில்லை. “அஞ்சும் போட்டுட்டாங்களே, இன்னாத்த மறைக்கிறாங்க?” என்று அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டார். எலுமிச்சைச் சாதத்தில் உப்பு கம்மி என்று சொல்லி அனுப்பினார்கள். சந்தோஷமாக வந்தார்.

கடைசியில் என்னிடமும் கேட்பார். “தம்பி, உன் கொறை?”

“இல்ல.”

“நீ அழுத்தக்காரன். சொல்ல மாட்ட.”

இதெல்லாம் ஊருக்கு. அவர் வீட்டில் வேற கதை.

அவர் சம்சாரம் அஞ்சலை அண்ணி. நாலு மாடு வைத்திருக்கிறது. மொபெட்டில் தன்னைவிடப் பெரிய புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு வரும். தூரத்தில் பார்த்தால் புல் தானாக வருகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பொம்பளைக்குப் பஸ், கார், வேன், ரயில் எதில் உட்கார்ந்தாலும் வாந்தி. திண்டிவனத்தில் ஏறினால் கூட்டேரிப்பட்டில் எடுத்துவிடும். கூப்பிடு தூரம்தான். அதற்கு மேல் உலகம் என்று ஒன்று அண்ணிக்குக் கிடையாது.

அண்ணிக்கு ஒரே ஆசை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்கணும். டூர் போய் வந்த சனங்கள் எல்லாம் நன்றி சொல்கிறோம் என்று வீட்டுக்கு வந்து அந்தக் கோபுரத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போகும். கேட்டுக் கேட்டு வந்த ஆசை.

“ஊருக்கெல்லாம் காட்டற. எனக்குக் கூட்டேரிப்பட்டு தாண்டல” என்று அண்ணி ஒரு நாள் சொல்லிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னது.

இவர் அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தார். நீ பார்க்காமல் நானும் பார்க்க மாட்டேன். எடுத்த முடிவு எடுத்ததுதான். தஞ்சாவூருக்கு எத்தனையோ குடும்பத்தைக் கூட்டிப்போனார். ஊர் நெருங்கும்போதே துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார். சனங்கள் உள்ளே போனதும் செருப்புக்குக் காவலாகக் கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அந்தக் கோயிலுக்கு மட்டும் ஒத்திகை நான்தான் போகணும்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்டி இருக்குது?”

“பெருசு.”

“எவ்ளோ பெருசு?”

“நல்ல பெருசு.”

“உன்னாண்ட கேட்டேன் பாரு” என்பார். அடுத்த டூரில் திரும்பவும் கேட்பார்.

அண்ணிக்காகப் பார்க்காத வைத்தியம் இல்லை. எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தது. இஞ்சி மென்றது. பேப்பர் மேல் உட்கார்ந்தால் வராது என்று யாரோ சொல்ல, நான் ஒரு வாரத்துப் பேப்பரை சீட்டில் போட்டேன். முன் சீட், நடு சீட், ஜன்னல், கதவு எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு சீட்டிலும் முதலில் இவர் உட்கார்ந்து குமட்டுகிறதா என்று ஒத்திகை பார்ப்பார். இவருக்கு வராது. அண்ணிக்கு வரும். கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரர் எங்கள் வேனைக் கண்டதும் டீ போட மாட்டார். சொம்பில் தண்ணீரோடு வந்து நிற்பார்.

“வாங்கண்ணி. நல்லா கீறீங்களா?”

“வரேன் இரு” என்று குனியும் அண்ணி.

போன தை முடிந்து ஒரு நாள். அண்ணி ஏறும்போதே சொன்னது, “இதான் கடைசி. இதுக்கு மேல எந்த வண்டிலயும் ஏற மாட்டேன். என்னையும் பேஜார் பண்ணாத, நீயும் பேஜார் ஆவாத.”

அவர் என்னைப் பார்த்து, “முட்டை மேல ஓட்டற மாறி ஓட்டு” என்றார். ஓட்டினேன். சைக்கிள் எல்லாம் தாண்டிப் போனது.

கூட்டேரிப்பட்டு வந்தது. சொம்பு வந்தது. அண்ணி இறங்கியது.

முடித்து, வாய் கொப்பளித்து, வேனை ஒரு தடவை பார்த்தது. திரும்ப ஏறவில்லை. அண்ணியின் தம்பி அந்த ஊர்தான். அக்காவைப் பார்க்க மொபெட்டில் வந்திருந்தான்.

“சாவியக் குடுடா. நான் இதுலயே வூட்டுக்குப் போறேன்.”

தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மொபெட்டில் ஏறியது. ஜவாப்தாரி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அந்த மூஞ்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மழைக்கு மன்னிப்பு கேட்டபோதுகூட அப்படி இல்லை.

மொபெட் ரோட்டுக்கு வந்தது. திண்டிவனம் போக ஒரு பக்கம் திரும்பணும். அண்ணி அங்கேயே கொஞ்சம் நின்றது. அப்புறம் மறு பக்கம் திரும்பியது.

“அது விழுப்புரம் போற ரோடாச்சே” என்றார் டீக்கடைக்காரர்.

“ஜல்தி எடு தம்பி, ஜல்தி” என்று ஜவாப்தாரி சொம்போடு வேனில் ஏறினார்.

விக்கிரவாண்டியில்தான் பிடித்தோம். ஒரு ஓட்டல் வாசலில் மொபெட் நின்றது. உள்ளே அண்ணி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் ஆவலய்யா. பசிதான் எடுக்குது.”

“வாந்தி?”

“புல்லுக்கட்டு ஏத்திக்கினு போறனே, என்னிக்காச்சும் எடுத்துக் கீறனா? நான் ஓட்டனா வர்ல. ஒக்காந்துகினு போனாதான் வருது.”

ஜவாப்தாரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “எல்லா சீட்லயும் ஒக்காந்து ஒத்திக பாத்தேன். டிரைவர் சீட்ட யோசிக்கலயே.” அப்புறம் எழுந்தார். “அதுக்கு நான் ஜவாப்தாரி.”

“இட்லி சாப்புடு. தஞ்சாவூர் தூரமாமே.”

அதற்குள் தம்பி போன் பண்ணினான். “அக்கா, வண்டிய எங்க எட்துக்கினு போன? மாட்டுக்குப் புல்லு அறுக்கணும்.”

“தஞ்சாவூர் போறேன். நம்ம வூட்டு மாட்டுக்கும் சேத்து அறுத்துப் போடுடா” என்று வைத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் ஜவாப்தாரிக்கு உயிர் வந்தது. ரெண்டு ஹெல்மெட் வாங்கினார். அண்ணியிடம் லைசென்ஸ் கேட்டார். கட்டின புருஷன் ரோட்டில் மறித்து லைசென்ஸ் கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணி பையிலிருந்து எடுத்து நீட்டியது. அவர் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

“வேன்ல வாங்கண்ணே” என்றேன்.

“கஸ்டமர் எதுல போறாங்களோ அதுலதான் நானும்.”

முன்னால் மொபெட். பின்னால் காலி வேன், நாலு பக்கமும் விளக்கு மின்ன. லாரிக்காரர்கள் யாரோ மந்திரி போகிறார் என்று ஒதுங்கினார்கள்.

பண்ருட்டியில் பலாச்சுளை. அண்ணி நாலு சாப்பிட்டது. அவர் நிறைய சாப்பிட்டார். வடலூர்ப் பக்கம் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். மொபெட் குதித்துக் குதித்துப் போனது. திடீரென்று ஓரமாக நின்றது. இறங்கிப் புளியமரத்தடிக்கு ஓடினது ஜவாப்தாரி. கூட்டேரிப்பட்டுச் சொம்பு வேனிலேயே இருந்தது. தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி முதுகைத் தடவிவிட்டது.

“இப்ப தெரியுதா?”

“தெரியுது.”

“எலுமிச்சம்பழம் வேணுமா? பேப்பர் போட்டு ஒக்கார்றியா?”

“வேணாம் அஞ்சல.”

அண்ணி சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கா பறந்துவிட்டது.

அணைக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயி வீடு. எங்கள் டூர்க்காரர்கள் தங்குகிற வீடு. முன்னால் நெல், பின்னால் மூங்கில் தோப்பு, தாண்டினால் கொள்ளிடம். அண்ணி போய் இறங்கின கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு வரப்பில் புல் அறுக்க உட்கார்ந்துவிட்டது.

“டூர் வந்தவங்க வேலை செய்யக் கூடாது” என்றார் இவர்.

“கை சும்மா இருந்தா எனக்கு வாந்தி வரும்” என்றது அண்ணி. அவர் போய் இன்னொரு அரிவாள் வாங்கி வந்தார்.

மறுநாள் கங்கைகொண்டசோழபுரம். அண்ணி அண்ணாந்து பார்த்து அசந்துபோய் நின்றது. அப்புறம் ஒரு குண்டு போட்டது.

“தஞ்சாவூரும் இப்டித்தான் இருக்குமாமே. இதுவே போதும்யா. திரும்பிடலாம். மாடு கத்திக்கினு இருக்கும்.”

ஜவாப்தாரிக்கு வியர்த்துவிட்டது. “இல்ல இல்ல. அது வேற.”

“நீ பாத்தியா?”

பார்த்ததில்லையே. என்னைப் பார்த்தார். “தம்பி, நீ சொல்லு.”

ரெண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் யோசித்தேன்.

“அது இன்னும் பெருசு” என்றேன்.

அண்ணி மொபெட்டை எடுத்தது. என் பேச்சைக் கேட்டு ஒருத்தர் கிளம்பினது அதுதான் முதல் தடவை.

கும்பகோணம் தாண்டினோம். வாழை, வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கால். பாபநாசத்தில் மொபெட் நின்றுவிட்டது. மெக்கானிக் பிளக்கை எடுத்துப் பார்த்து, சாமான் தஞ்சாவூரிலிருந்து வரணும், சாயந்தரம் ஆகும் என்றார்.

“இன்னும் கொஞ்ச தூரம்தான் அண்ணி” என்று வேன் கதவைத் திறந்தேன்.

அண்ணி வேனைப் பார்த்தது. முகம் வெளுத்தது. ஆனாலும் ஏறக் காலை எடுத்து வைத்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று நினைத்திருக்கும்.

ஜவாப்தாரி கதவைச் சாத்தினார். “வேணாம். தலை சுத்திக்கினு போய்ப் பாக்கறதுக்கா வந்த? இருந்து போலாம். லேட்டுக்கு நான் ஜவாப்தாரி.”

மெக்கானிக் கடை வேப்பமரத்தடியில் ரெண்டு பேரும் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டு சாயந்தரம்வரை உட்கார்ந்திருந்தார்கள். எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் டூரே அந்த மரத்தடிக்குத்தான் வந்த மாதிரி இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்குத் தஞ்சாவூர். ஊர் நெருங்கியதும் பழக்கதோஷத்தில் அவர் ஹெல்மெட்டுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டார். ரோட்டில் சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி கோயில் வாசலுக்கு எதிரில் மொபெட்டை ஓரம் கட்டியது. ஸ்டாண்ட் போட்டது. நிமிர்ந்து பார்த்தது. கோபுரம் முழுக்க மஞ்சள் வெயில். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தது. பின்னால் இவர் துண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

“பாத்துட்டியா?” என்றார்.

“நான் பாத்துட்டேன். துண்ட எடுய்யா.”

எடுத்தார்.

எப்படி இருக்குது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உள்ளே போய் விளக்கு போடுகிறவரை சுற்றிச் சுற்றி வந்தார்கள். அன்றைக்குச் செருப்புக்குக் காவல் நான்.

வெளியே வந்ததும் அவர் பழையபடி கையைக் கட்டி நின்றார்.

“உன் கொறை இன்னா, சொல்லு.”

“ஒண்ணு கீது.”

“சொல்லு.”

“ரொம்ப லேட்டு.”

“அதுக்கு நான் ஜவாப்தாரி” என்றார். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான். அன்றைக்குச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தது.

அதற்கப்புறம் ரெண்டு பேரையும் பிடிக்க முடியவில்லை. மாட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு மொபெட்டில் கிளம்பிவிடுகிறார்கள். ஓட்டுவது அண்ணி. பின்னால் அவர், கையில் அந்தச் சொம்பு. ஆபீஸ் பாதி நாள் பூட்டியிருக்கிறது. நான் விழுப்புரத்தில் வேற கம்பெனிக்கு ஓட்டுகிறேன். இங்கே ஒத்திகை இல்லை, நிறுத்தி நிறுத்திக் குப்பை பொறுக்குவதில்லை, கதவை மறித்து யாரும் குறை கேட்பதில்லை.

போன வாரம் எங்கேயோ ஏரிக்கரையிலிருந்து போன் பண்ணினார். பின்னால் அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் பழைய கேள்வி.

“தம்பி, உன் கொறை?”

“ஒண்ணு இருக்குதுண்ணே.”

“அஞ்சல, சிரிக்காத இரு” என்று அவர் சொல்வது கேட்டது. இத்தனை வருஷம் அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

“சொல்லு, சொல்லு.”

“இப்பல்லாம் வண்டி சீக்கிரம் போய்ச் சேந்துடுது” என்றேன்.